ஜீப்பின் கியர் பாக்ஸ் யாருடையது?

திண்டுக்கல் ஊருக்குள் நின்று பார்த்தால் தென்கிழக்கே சிறுமலை, மேற்கே பழனி மலைத்தொடர். நடுவில் இருப்பது வெயில் காயும் சமவெளி. மலையில் வாழை, பலா, காபி, மிளகு, எலுமிச்சை. அதை வாங்குகிற மண்டிகளும் லாரிகளும் கீழே. தோட்டத்திலிருந்து தார் ரோடு வரைக்கும் சரக்கைக் கொண்டுவர சிறுமலையில் குதிரைகள் உண்டு. குதிரைக்கும் லாரிக்கும் இடைப்பட்ட வேலையைச் செய்வது ஜீப். 18 கொண்டை ஊசி வளைவுகளிலும், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்து எஸ்டேட் பாதைகளிலும் 40, 50 வயதான ஜீப்புகள் ஆள் மேல் ஆள், மூட்டை மேல் மூட்டை ஏற்றிக்கொண்டு போயிருக்கின்றன.

இந்த ஜீப்புகளில் ஒரு விசேஷம். ஆர்.சி. புத்தகத்தில் ஒரு கம்பெனி பேர்தான் இருக்கும். ஆனால் வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்தால் இன்ஜின் ஒரு வண்டியுடையது, கியர் பாக்ஸ் இன்னொரு வண்டியுடையது, ஆக்சில் மூன்றாவது வண்டியுடையதாக இருக்கும்! "கலப்படம்" என்று சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் ஜீப் பிறந்ததே அப்படித்தான். உலகத்தின் முதல் ஜீப்புக்கே கியர் பாக்ஸ் கடன் வாங்கியதுதான்.

1940 ஜூன், ஜூலை. ஹிட்லர் படை பிரான்ஸைப் பிடித்துவிட்டது. அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை, ஆனால் அவசரம் தொற்றிக்கொண்டது. நான்கு சக்கரமும் இழுக்கிற, எடை குறைந்த ஒரு சின்ன வண்டி வேண்டும் என்று ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டது. நிபந்தனைகளைப் பாருங்கள். மாதிரி வண்டி 49 நாளில் வரவேண்டும். மொத்தம் 70 வண்டியும் 75 நாளில். எடை 1,300 பவுண்டுக்குள், அதாவது 590 கிலோ. நான்கு சக்கர இழுவை வைத்த வண்டிக்கு இது நடக்கிற கதையே இல்லை. 135 பேரில் பதில் போட்டவர்கள் இரண்டே பேர். ஒன்று வில்லிஸ்-ஓவர்லாண்ட். இன்னொன்று பென்சில்வேனியாவில் பட்லர் என்ற சிறிய ஊரில் இருந்த அமெரிக்கன் பாண்டம்.

பாண்டம் அப்போது கிட்டத்தட்ட மூடிப்போன கம்பெனி. இங்கிலாந்தின் ஆஸ்டின் காரை அமெரிக்காவில் செய்து விற்கப் பார்த்து நஷ்டப்பட்டது. டிசைன் போட ஆள் கிடையாது. டெட்ராய்ட்டில் இருந்து கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளரைக் கூப்பிட்டார்கள். ஒப்பந்தம் கிடைத்தால்தான் காசு என்ற நிலைமையில் அவர் வந்தார். ஜூலை 17ஆம் தேதி பட்லருக்குக் கிளம்பியவர் இரண்டு மூன்று நாளில் வரைபடத்தையும் விலைப் பட்டியலையும் முடித்துவிட்டார். எப்படி முடிந்தது? எதையும் புதிதாகச் செய்வதில்லை என்று தீர்மானித்ததால் முடிந்தது.

காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் "தயாரிப்பதா, வாங்குவதா" என்று ஒரு கணக்கு வருமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அந்தக் கணக்கில் நாம் ரூபாயை மட்டும்தான் பார்ப்போம். ப்ராப்ஸ்டுக்கு ரூபாய் இரண்டாம் பட்சம், நாள்தான் முக்கியம். ஒரு கியர் பாக்ஸைப் புதிதாகச் செய்ய வேண்டுமானால் பல் வெட்டும் கட்டிங் டூல் முதலில் வேண்டும், பிறகு வார்ப்பு, பிறகு பல்லைச் சூடுபடுத்திக் கெட்டியாக்குவது, பிறகு சோதனை. 49 நாளில் முதல் வேலைகூட முடியாது. அதனால் இன்ஜினை கான்டினென்டல் கம்பெனியிடமும், மூன்று கியர் பாக்ஸை வார்னர் கியரிடமும் வாங்கினார்கள். ஆக்சிலும் டிரான்ஸ்ஃபர் கேஸும் டொலிடோ நகரத்து ஸ்பைசர் கம்பெனி பொறுப்பு. அந்த ஆக்சிலும் புதுசு இல்லை, ஸ்டூடிபேக்கர் சாம்பியன் என்ற குடும்பக் காரின் ஆக்சிலைத் திருத்தியது! எடையை மட்டும் டெண்டரில் வரம்புக்குள் எழுதி அனுப்பினார்கள். வண்டி அதைவிட அதிகமாகத்தான் வரும் என்று ப்ராப்ஸ்டுக்கும் தெரியும்.

வில்லிஸ் கேட்ட விலை குறைவு. ஆனால் 49 நாளில் முடியாது என்று சொல்லிவிட்டது. ஒப்பந்தம் பாண்டமுக்குப் போனது. செப்டம்பர் 23, 1940. கடைசி நாள். பட்லரிலிருந்து மேரிலாண்டில் இருந்த ஹொலபேர்ட் ராணுவ முகாமுக்குப் புது வண்டியை ரோட்டிலேயே ஓட்டிக்கொண்டு போனார்கள். கெடு மாலை 5 மணி. வண்டி உள்ளே நுழைந்தது நாலரைக்கு.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வயிற்றெரிச்சல். வண்டி நன்றாக இருக்கிறது, ஆனால் இந்தச் சின்னக் கம்பெனியால் ஆயிரக்கணக்கில் செய்து கொடுக்க முடியாது என்று ராணுவம் நினைத்தது. பாண்டமின் வரைபடங்களை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டியது. வெளியே வாங்கின பாகங்களைச் சேர்த்துக் கட்டின வண்டிதானே, அதே ஸ்பைசரிடமும் வார்னரிடமும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம்! பாண்டமை வேகமாக ஜெயிக்க வைத்த அதே விஷயம்தான் அதைச் சுலபமாக ஓரங்கட்டவும் உதவியது. 1941இல் 16,000 வண்டிகளுக்கான பெரிய ஆர்டர் வில்லிஸுக்குப் போனது, அதன் 60 குதிரைத்திறன் இன்ஜினுக்காக. பிறகு ஃபோர்டும் அதே டிசைனில் செய்தது. போர் முடிவதற்குள் சுமார் 6,40,000 ஜீப்புகள். அதில் பாண்டம் செய்தது மூவாயிரத்துக்கும் குறைவு. மிச்ச காலம் அது ஜீப்புக்குப் பின்னால் மாட்டுகிற டிரெய்லர் செய்து பிழைத்தது. ஜீப்பை உருவாக்கியது தாங்களே என்று வில்லிஸ் விளம்பரம் செய்யக் கூடாது என அமெரிக்க வர்த்தக ஆணையம் 1948இல் உத்தரவு போட்டது. அது வருவதற்குள் ஜீப் என்றால் வில்லிஸ் என்று ஊருக்கெல்லாம் பதிந்துபோயிருந்தது.

சரி, இப்போது வண்டிக்குக் கீழே போவோம்.

சாதாரணக் காரில் இன்ஜின், கிளட்ச், கியர் பாக்ஸ், பிறகு ஒரு ஆக்சில். ஜீப்பில் கியர் பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். அது செய்கிற வேலை இரண்டு. வருகிற சுழற்சியை முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் பிரிப்பது ஒன்று. "லோ" போட்டால் எல்லாவற்றையும் இன்னும் மெதுவாக்கி இழுவையைக் கூட்டுவது மற்றொன்று. போர்க்கால ஜீப்பில் முதல் கியரின் விகிதம் சுமார் 2.67, லோ 1.97, ஆக்சில் 4.88. மூன்றையும் பெருக்கினால் 26 பக்கம் வரும். அதாவது இன்ஜின் 26 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும்.

1945இல் போர் முடிந்ததும் வில்லிஸ் அதே ஜீப்பை விவசாயிகளுக்கு விற்கக் கிளம்பியது. சி.ஜே.-2ஏ என்று பேர். பார்க்க அதே வண்டிதான், ஆனால் உள்ளே கணக்கை மாற்றிவிட்டார்கள். டி-90 என்ற கெட்டியான கியர் பாக்ஸ், முதல் கியர் 2.8. லோ 2.43. ஆக்சில் 5.38. பெருக்கிப் பார்த்தால் 37 பக்கம். சிப்பாய் வேகமாக ஓடவேண்டியவன், விவசாயி கலப்பையை இழுக்கவேண்டியவன். அந்த வித்தியாசம் முழுக்க பல் எண்ணிக்கையில் இருக்கிறது. இதோடு டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம் ஒரு மூடி. அதைக் கழற்றினால் சுழற்சியை வெளியே எடுத்து பம்ப்போ ரம்பமோ ஓட்டலாம். இந்த மூடி பின்னால் மறுபடி வரும், ஞாபகம் இருக்கட்டும்.

இந்த விவசாய ஜீப்பின் வாரிசுதான் சிறுமலை ஏறியது. அது இங்கே வந்த கதை கொஞ்சம் சுற்றுவழி. 1945 அக்டோபரில் ஜே.சி. மகிந்திரா, கே.சி. மகிந்திரா, குலாம் முகமது என்ற மூன்று பேர் சேர்ந்து மகிந்திரா அண்ட் முகமது என்று இரும்பு வியாபாரக் கம்பெனி தொடங்கினார்கள். நாடு பிரிந்தது. குலாம் முகமது பாகிஸ்தான் போய் அதன் முதல் நிதியமைச்சராகவும் பிறகு கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். 1948இல் கம்பெனி மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆனது. (லெட்டர் பேடில் ஏற்கனவே "எம் அண்ட் எம்" என்று அச்சடித்தாகிவிட்டதால் எழுத்தை மாற்றவில்லை என்று ஒரு கதை சொல்வார்கள். கணக்குப்பிள்ளைகளுக்குப் பிடித்த கதை!) 1949இல் பம்பாய் மசகானில் வில்லிஸ் ஜீப்பைப் பாகம் பாகமாக இறக்குமதி செய்து பூட்ட ஆரம்பித்தார்கள்.

இதற்கு முன்பே ஜீப் இந்தியாவுக்கு வந்துவிட்டது என்பதையும் சொல்லவேண்டும். பர்மா முனைக்காக வந்து குவிந்த அமெரிக்க ராணுவ வண்டிகளும் உதிரிபாகங்களும் போர் முடிந்ததும் உபரிச் சரக்காக விற்கப்பட்டன. "டிஸ்போசல்" என்ற வார்த்தை தமிழ்நாட்டுப் பட்டறைகளில் புழங்க ஆரம்பித்தது அந்தக் காலத்தில்தான். ஆக இந்தியச் சாலையில் இரண்டு விதமான ஜீப் ஒரே நேரத்தில் ஓடியது. டிஸ்போசலில் வந்த போர்க்கால ஜீப், பம்பாயில் பூட்டிய புது ஜீப். வெளியே பார்க்க ஒரே முகம். உள்ளே பல் வேறு.

மதுரைப் பக்கத்துக்கு உதிரிபாகப் பஞ்சம் அப்போதே பழக்கமானதுதான். டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911இல் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனம் பஸ் ஓட்டிப் பழகியது. அது 1929இல் உதிரிபாக வியாபாரத்துக்கென்றே மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் என்று தனிக் கம்பெனி ஆரம்பித்தது. வண்டி ஓட்டுவதைவிட வண்டியை நிற்காமல் பார்த்துக்கொள்வதில்தான் பணம் இருக்கிறது என்று அப்போதே புரிந்துவிட்டது போலும். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பு மாட்டி, அதில் வருகிற வாயுவில் இன்ஜினை ஓட்டினார்கள். டி.வி.எஸ். செய்த கேஸ் பிளாண்டுகள் அந்தக் காலத்தில் பேர் போனவை. பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் கரி வாயுவுக்கு மாற்றுவது வழக்கம். இரண்டு எரிபொருளில் ஓடிய வண்டி! கரி வாயுவில் இன்ஜினின் சக்தி கணிசமாகக் குறைந்துவிடும், அதனால் மேட்டில் கியரைக் குறைத்துக் குறைத்துத்தான் ஏறவேண்டும். சுமை முழுக்க கியர் பாக்ஸ் தலையில்.

சுதந்திரத்துக்குப் பிறகு பஞ்சம் கொள்கையாகவே ஆனது. 1953இல் டாரிஃப் கமிஷன் அறிக்கைக்குப் பின், உள்நாட்டில் படிப்படியாகப் பாகம் தயாரிக்கிற திட்டம் இல்லாதவர்கள் இங்கே வண்டி பூட்டக்கூடாது என்று அரசு முடிவெடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. மகிந்திரா தங்கியது, ஜீப்பை இங்கேயே செய்ய ஆரம்பித்தது. இதில் திட்டவும் இடம் இருக்கிறது, பாராட்டவும் இடம் இருக்கிறது. வெளிநாட்டுக் கியர் வர வழி இல்லை, சாதாரண வண்டிக்காரனால் லைசென்ஸ் வாங்கி இறக்குமதி செய்ய முடியாது. ஆனால் அதே காரணத்தால்தான் ஒரே டிசைன் பல பத்தாண்டுகள் மாறாமல் ஓடியது. சி.ஜே.-3பி ஜீப் அமெரிக்காவில் 1953இல் வந்து 1960களில் நின்றுபோனது. இந்தியாவில் அதன் முகம் அதற்குப் பிறகும் பல காலம் மாறவில்லை. ஒரே டிசைன் நீண்ட காலம் ஓடினால் காயலான் கடையில் பாகம் மலிவாகக் கிடைக்கும். எந்தப் பொருளாதாரத் திட்டத்திலும் இதைக் குறிக்கோளாக எழுதியிருக்க மாட்டார்கள், ஆனால் மலைக்கிராமத்து ஜீப்பை வாழவைத்தது இதுதான்.

மலிவாகக் கிடைக்கும் என்றால் சுலபமாகப் பொருந்தும் என்று அர்த்தம் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பைசர் 18 என்ற ஒரே மாடல்தான் போர் ஜீப்பிலும் இருந்தது, அடுத்த முப்பது வருட ஜீப்பிலும் இருந்தது. வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி. ஆனால் உள்ளே நடுவில் இருக்கிற இன்டர்மீடியேட் ஷாஃப்ட் முதலில் முக்கால் அங்குலம், பிறகு ஒன்றேகால் அங்குலத்துக்கு அரைக்கால் குறைவு, அதற்குப் பிறகு ஒன்றேகால் அங்குலம் என்று தடித்துக்கொண்டே வந்தது. ஷாஃப்ட் மாறினால் அதன்மேல் உட்காரும் கியர், பேரிங் எல்லாம் மாறும். கையில் வெர்னியர் இல்லாமல் கடைக்குப் போனவர் திரும்ப ஒரு முறை பஸ் ஏறவேண்டியதுதான்.

இன்னொரு வில்லங்கம் ஆக்சிலில். ஸ்பைசர் 18இல் முன்னும் பின்னும் போகிற ஷாஃப்ட் இரண்டும் வண்டியின் வலது பக்கமாகத் தள்ளி வெளியே வரும். அதனால் பின் ஆக்சிலின் டிஃபரன்ஷியலும் நடுவில் இல்லாமல் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். நடுவில் டிஃபரன்ஷியல் வைத்த வேறு வண்டியின் ஆக்சில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அப்படியே மாட்ட முடியாது, ஷாஃப்ட் கோணலாகி ஜாயின்ட் உதறும். முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே விகிதமாக இருக்கவேண்டும் என்பது அடுத்த விதி. ஒன்று 5.38, இன்னொன்று 4.88 என்று போட்டுவிட்டு நான்கு சக்கரத்தையும் பூட்டினால் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றோடொன்று சண்டை போடும், நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்குவது டிரான்ஸ்ஃபர் கேஸ்.

உண்மையான கலப்பு ஆரம்பமானது டீசலால். பெட்ரோல் விலை 1973க்குப் பிறகு ஏறியது. பெட்ரோல் ஜீப்பை வைத்து மலைக்குச் சரக்கு அடிப்பது கட்டுப்படியாகவில்லை. 1979இல் மகிந்திரா பெஜோ கம்பெனியின் டீசல் இன்ஜினுக்கு லைசென்ஸ் வாங்கியது. கம்பெனி டீசல் ஜீப்பை வாங்க வசதி இல்லாதவர்கள் தங்கள் பழைய ஜீப்பிலேயே வேறு வண்டியின் டீசல் இன்ஜினை இறக்கினார்கள். மேட்டடார் இன்ஜின் இதற்குப் பேர் போனது. இன்ஜினை இறக்குவது பெரிய வேலை இல்லை. இன்ஜினின் முதுகும் கியர் பாக்ஸின் முகமும் சந்திக்கிற இடம்தான் வேலை. போல்ட் ஓட்டைகள் ஒத்துவராது. நடுவில் ஒரு தடித்த இரும்புத் தகடு வெட்டி, லேத்தில் பிடித்து, இரண்டு பக்கத்து ஓட்டையும் போட்டு அடாப்டர் செய்யவேண்டும். அந்தத் தகட்டின் மையம் ஒரு மயிரிழை தவறினால் கிளட்ச் அதிரும், கியர் பாக்ஸின் முன் பேரிங் தின்றுபோகும். டீசல் இன்ஜின் குறைந்த வேகத்திலேயே முரட்டுத்தனமாக இழுக்கும். பெட்ரோலுக்காகச் செய்த மூன்று கியர் பெட்டிக்கு அது தாங்காது. பல் உடையும். பிறகு நான்கு கியர் பெட்டி தேடவேண்டும். அதன் நீளம் வேறு, ஷாஃப்டை வெட்டி ஒட்டவேண்டும். இப்படி ஒரு பாகம் மாற்றப் போய் அடுத்தது, அடுத்தது என்று...

திண்டுக்கல் சமவெளி இந்தத் தேடலுக்கு நல்ல இடம்தான். வடக்கே பஸ் பாடி கட்டுகிற கரூர், அதற்கு மேலே லாரி ஊரான நாமக்கல், மேற்கே கோயம்புத்தூரின் ஃபவுண்டரியும் லேத்தும், தெற்கே மதுரை. எல்லாம் சில மணி நேர பஸ் தூரம். சென்னை புதுப்பேட்டை மட்டும் ஒரு ராத்திரிப் பயணம். ராணுவ ஏலத்தில் வந்த ஜோங்கா (ஜபல்பூரில் 1969 முதல் 1999 வரை செய்தது) பாகங்களும் இந்தச் சந்தைகளில் புழங்கின. ஊருக்குள்ளேயே பூட்டுக் கைத்தொழில் இருக்கிறதே, அரம் பிடித்த கைகள் ஒரு கியர் செய்யாதா என்று கேட்கலாம். செய்யாது. திண்டுக்கல் பூட்டின் நெம்புகோலை அரத்தால் ராவி அளவு கொண்டுவரலாம். கியரின் பல் வளைவோ மெஷினில் வெட்டி, கார்பன் ஏற்றி, மேல் தோலை மட்டும் கெட்டியாக்கிச் செய்வது. அதைப் பட்டறையில் செய்து ஏமாந்தவர்களைவிட, பழைய ஒரிஜினல் கியரைத் தேடிப் பிடித்தவர்கள் புத்திசாலிகள்.

இப்போது கலப்பு அடுத்த கட்டத்துக்கு வந்திருக்கிறது. பெட்ரோலோடு மின் மோட்டார் சேர்ந்த ஹைப்ரிட். இதுவும் புதுசு இல்லை. ஃபெர்டினாண்ட் போர்ஷே 1900இலேயே வியன்னாவில் லோனர் கம்பெனிக்காக பெட்ரோல் இன்ஜின், மின்கலம், சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் என்று ஒரு வண்டி செய்தார். அதில் கியர் பாக்ஸே கிடையாது! மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு இழுவை கொடுக்கும், பல் சக்கரம் வேண்டியதில்லை. அப்படியானால் இன்று ஹைப்ரிட் ஜீப் கட்டுகிறவர் ஏன் கியர் பாக்ஸ் தேடி அலைகிறார்? மலைதான் காரணம். கியர் இல்லாமல் கொண்டை ஊசி வளைவில் சுமை ஏற்றவேண்டுமானால் பெரிய மோட்டார், பெரிய பேட்டரி, பெரிய பணம். லோ கியர் இருந்தால் சின்ன மோட்டாரே போதும். அந்தப் பழைய மூடி இங்கேதான் வருகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் சுழற்சியை வெளியே எடுக்க வைத்த அந்த வாய் வழியாகவே மோட்டாரின் சுழற்சியை உள்ளே அனுப்ப முடியும். அமெரிக்க விவசாயியின் ரம்பத்துக்காகத் திறந்த வழி!

இதே மாதிரித் தேடல் இன்ஜினியரிங் கல்லூரிகளிலும் நடக்கிறது. 2007 முதல் பிதாம்பூரில் நடந்துவரும் பாஹா போட்டிக்கு மாணவர்கள் கரடுமுரடு பாதை வண்டி கட்டினார்கள். 10 குதிரைத்திறன் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் இன்ஜின் எல்லோருக்கும் பொது. கியர் பாக்ஸ் அவரவர் பாடு. நிறைய அணிகள் போய் நின்றது மகிந்திரா ஆல்ஃபா சரக்கு ஆட்டோவின் முன்னால். நான்கு கியர், ஒரு ரிவர்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாம் ஒரே பெட்டிக்குள், விலையும் மாணவர் பையில் அடங்கும். 2015 முதல் மின்சார வண்டிக்கும் தனிப் பிரிவு வந்தது.

போட்டி மைதானத்தில் சரி. ரோட்டில்? மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9ஆம் தேதி கேரள வழக்கு ஒன்றில் தீர்ப்பு சொன்னது. ஹைப்ரிட் மாற்றுக் கருவிகளுக்கு 2016இலேயே விதிகளில் வழி செய்திருக்கிறார்கள். ஆனால் கருவி சோதனைச் சாலையில் அங்கீகாரம் பெற்றதாக இருக்கவேண்டும், அங்கீகாரம் பெற்றவர்தான் மாட்டவேண்டும். சோதனைக்கு ஆகிற செலவை ஆயிரம் வண்டி விற்கிற கம்பெனி பிரித்துக்கொள்ளும். ஒரே ஒரு வண்டி கட்டுகிற பட்டறைக்காரர் மொத்தத்தையும் அந்த ஒரு வண்டியின் தலையில்தான் போடவேண்டும். பிரேக் பிடிக்காத கலப்பு வண்டி மலையில் இருபது பேரோடு இறங்குவதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒழுங்காக அளந்து, அடாப்டர் வெட்டி, பல் எண்ணி மாட்டியவருக்கும் கண்டதை ஒட்டியவருக்கும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரே பதில்தான் கிடைக்கிறது. ஒரு வண்டியை மட்டும் குறைந்த கட்டணத்தில் சோதித்துச் சான்று கொடுக்கிற முறையை இங்கிலாந்து தனி வண்டி அங்கீகாரம் என்ற பேரில் வைத்திருக்கிறது. வீட்டுக் கொட்டகையில் கட்டிய வண்டியும் அங்கே அதில் தேறினால் நம்பர் பிளேட் வாங்கலாம்.